நீர்க்குடுவையிலிருந்து பூச்சியுண்ணிக்கு: குடுவைச்செடித் தேடலின் வரலாறு (1658–1875)

திறவுச்சொற்கள்: குடுவைச்செடி, நெபந்திஸ், களத்தேடல், பெயரிடல், தாவரவியல் வரலாறு

முன்னுரை

பூச்சியுண்ணும் தாவரங்களைக் காடுகளில் தேடியவர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு, ‘இன்னார் இன்ன ஆண்டில் பூச்சியுண்ணும் தாவரத்தைக் கண்டறிந்தார்’ என்னும் வாய்பாடு எளிதில் கைவந்துவிடுகிறது. அது காலமுரண் உடையது. குடுவைச்செடியைப் பொறுத்தவரை, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அதனைக் களத்தில் கண்டவர்கள் பூச்சியுண்ணியைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். அத்தகைய வகைப்பாடே அன்று நிலைபெற்றிருக்கவில்லை. அவர்கள் கண்டு வியந்தது இலைநுனியில் தேங்கிநின்ற நீரையே. இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாவிடில் மூலச் சான்றுகளைப் பிழைபட வாசிக்க நேரும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நீரைக் கண்ட கண்கள்

குடுவைச்செடி பற்றிய தொடக்ககால ஐரோப்பியக் குறிப்பு, மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த எத்தியேன் டி ஃப்ளாக்கூர் 1658இல் வெளியிட்ட அத்தீவின் வரலாற்று நூலில் உள்ளது. உள்ளூர்ப் பெயரைத் தழுவி ‘அம்ராமாட்டிக்கோ’ என அதனைக் குறித்த அவர், மூடியுடைய சிறு கலம் போன்ற அவ்வுறுப்பைப் பூவென்றோ காயென்றோ கருதினார். அதனைப் பறித்தால் அன்றே மழை பெய்யும் என்று அத்தீவினர் பறிக்கத் தயங்கினர் என்றும், தாமும் தம் நாட்டவரும் பறித்துப் பார்த்தும் மழை பெய்யவில்லை என்றும் அவர் எழுதுகிறார். நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முனைந்தவர் கலத்தினுள் என்ன கிடக்கிறது என்று நோக்கியதாகக் குறிப்பில்லை. மழைக்குப் பின் அதில் எவ்வளவு நீர் நிறைகிறது என்பதையே அவர் பதிவுசெய்கிறார்.

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் வளரும் இனத்தின் வரலாறும் இவ்வழியிலேயே செல்கிறது. 1680இல் யாகோப் பிரைன் அதன் சிங்களப் பெயரான ‘பாந்துரா’வை இலத்தீன் ஏட்டில் ஏற்றினார். சில ஆண்டுகளில் கிரிம் என்பார் அதனை நீர் வடிக்கும் வியத்தகு தாவரம் என்று அழைத்தார். இதனை வெறும் அறியாமை என ஒதுக்குவது பொருந்தாது. மூடி திறவாத இளங்குடுவையிலும் நீர்மம் இருக்கிறது. மழை புகமுடியாத அக்கலத்தில் அதனைச் சுரப்பது செடியே. இவ்வகையில், மழைநீர் என்று எண்ணிய ஃப்ளாக்கூரைவிட வடிநீர் என்று கண்டவர்களின் கூர்நோக்கே மேலானது.

இங்கு அம்போன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸின் சான்று தனிக்கவனம் பெறவேண்டும். அவர் மறைவுக்குப்பின் 1747இல் அச்சேறிய தொகுதியில், குடுவைக்குள் ஊர்ந்து புகும் சிற்றுயிர்கள் மடிகின்றன என்றும், இறால் போன்ற ஓர் உயிர் மட்டும் அதில் வாழ்கிறது என்றும் காணப்படுகிறது. இறப்பைக் கண்டிருக்கிறார், அதனை உணவாகக் கொள்ளவில்லை. காட்சி கிடைத்தும் கருத்தாக்கம் வாய்க்காத நிலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

காணாதவர் இட்ட பெயர்

இலங்கையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1670களில் பணியாற்றிய பால் ஹெர்மனின் உலர்தாவரத் தொகுப்பு பின்னாளில் லின்னேயஸின் கைக்கு வந்து, 1747இல் வெளியான இலங்கைத் தாவர நூலுக்கு அடிப்படையாயிற்று. அதற்கு முன்பே, 1737இல், லின்னேயஸ் இச்செடிக்கு ‘நெபந்திஸ்’ என்று பெயரிட்டிருந்தார். ஹோமரின் காப்பியத்தில் ஹெலன் துயர் மறக்கத் தரும் மருந்தின் பெயர் அது. நெடும்பயணத்தின் இறுதியில் இச்செடியைக் காணும் தாவரவியலார் பட்ட துன்பமெல்லாம் மறப்பார் என்பது அவர் கூறிய காரணம். ஆனால் லின்னேயஸ் ஐரோப்பாவைக் கடந்தவரல்லர். அவர் அறிந்தது உலர்ந்த மாதிரிகளையே. காட்டிற் காணும் மகிழ்ச்சியைச் சுட்டும் பெயர், காட்டிற் காணாதவரின் கற்பனையிற் பிறந்தது. ‘பாந்துரா’ பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1753இல் அவர் சேர்த்த ‘டிஸ்டிலடோரியா’ என்னும் சிற்றினப் பெயரில் வடிநீர்க் கருத்து இன்றளவும் உறைந்துள்ளது.

வட கரோலினாவின் ஈப்பிடிச்செடி குறித்து 1770இல் அச்சேறிய மடலில் ஜான் எல்லிஸ், பூச்சி அச்செடிக்கு உணவாகலாம் என்று லின்னேயஸுக்கு எழுதினார். லின்னேயஸ் அதனை ஏற்கவில்லை. அகப்பட்ட பூச்சி அசைவற்றதும் இலை திறந்து விட்டுவிடும் என்றே கருதினார்.

எண்ணத் தொடங்கிய தேடல்

தேடலின் பொருள் மாறியது 1860இல் எனலாம். அவ்வாண்டுக் கோடையில் சசெக்ஸ் பகுதியின் புதர்நிலத்தில் டார்வின் தற்செயலாகப் பறித்த 12 டிரோசெராச் செடிகளில் 56 விரிந்த இலைகள் இருந்தன. அவற்றுள் 31இல் இறந்த பூச்சிகளோ அவற்றின் எச்சங்களோ ஒட்டியிருந்தன. செடியைத் தேடுவதிலிருந்து, செடியில் ஒட்டியிருப்பதை எண்ணுவதற்கு நோக்கம் நகர்ந்தது. 1874இல் ஹூக்கர் முட்டை வெண்கருவையும் இறைச்சியையும் குடுவைகளில் இட்டுப் பெற்ற முடிவுகளை பெல்ஃபாஸ்ட் அறிவியல் மாநாட்டில் எடுத்துரைத்தார். மறு ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்தது. அதன்பின்னரே பழைய பயணக் குறிப்புகள் ‘பூச்சியுண்ணி’ என்னும் தலைப்பின்கீழ் மீள்வாசிப்புக்கு உள்ளாயின.

இவ்வகைப்பாடும் முற்றானதன்று. 1851இல் கினபாலு மலையில் ஹியூ லோ கண்ட, அவர் பெயராலேயே வழங்கும் குடுவைச்செடியின் முதிர்ந்த மேற்குடுவைகள் பூச்சியைப் பெரிதும் பிடிப்பதில்லை; மூடியின் சுரப்பை நக்கவரும் மரமூஞ்சூற்றின் எச்சத்திலிருந்தே அவை நைட்ரஜன் பெறுகின்றன என 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

தமிழ்ச் சான்றுகளைத் தேடுவோர்க்கும் இது பயன்படும். சித்த மருத்துவ மரபு ‘அழுகண்ணி’ எனக் குறிக்கும் மூலிகையை டிரோசெராவோடு இனங்காண்போர் உண்டு. அது கொள்ளத்தக்கதாயின், அப்பெயரும் இலைமேல் நிற்கும் துளியைக் கண்டு இட்டதே. சுவடிகளில் பூச்சியைத் தேடிச் செல்பவர் அழுகண்ணியைக் கடந்து போய்விடக்கூடும். பனி, துளி, கண்ணீர், கலம் ஆகிய சொற்களின்வழியே அத்தேடல் தொடங்கப்பெற வேண்டும்.