மேய்ப்பான் இழந்த ஆநிரை

திருமூல நாயனார் வரலாற்றைக் கற்போருட் பலர், அவர் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தினையே வியந்து அமைகின்றனர். அச்சித்து எதன்பொருட்டு நிகழ்ந்தது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கயிலையினின்றும் அகத்தியரைக் காணும் வேட்கையாற் பொதியமலை நோக்கிப் போந்த சிவயோகியார், திருவாவடுதுறையை வழிபட்டு நீங்குங்கால், காவிரிக்கரைப் பொழிலில் ஒரு பசுக்கூட்டம் கதறுதலைக் கண்டார். சாத்தனூரில் ஆநிரை மேய்க்கும் மூலன் என்பான் ஆண்டு உயிர் நீத்துக் கிடந்தான். பசுக்கள் அவனுடலைச் சூழ்ந்து மோந்து கதறின. அவை யோகியாருடையன அல்ல; அவற்றின் பாலும் நெய்யும் அவர் வேண்டியனவுமல்ல; செல்லும் வழியோ நெடிது. எனினும் அவற்றின் துயர் நீக்காது அப்பாற் செல்ல அவர் திருவுள்ளம் இசைந்திலது. தம்முடலைக் காவலுற வைத்து, மூலனுடலிற் புக்கு எழுந்தார். எழுந்தவர் செய்தது யாது? மாடு மேய்த்தலே. காவிரித் துறையில் அவை நீருண்டு கரையேறத் தண்ணிழலிற் காத்திருந்தார். பொழுது சாய்ந்தபின், கன்றை நினைந்து தாமே முன் நடந்த பசுக்களின் பின்னே ஊரினுட் சென்று, அவை மனைதொறும் புகுமளவும் நின்றார் என்கிறார் சேக்கிழார். மீண்டு வந்து தேடியபொழுது தம் பழையவுடலைக் காணார். ஆகமப் பொருளைத் தமிழில் வகுப்பித்தற்கு இறைவன் அதனை மறைப்பித்தான் என்க.

பசு என்றது ஆன்மாவை, மேய்ப்பான் என்றது குருவை எனத் தத்துவம் உரைப்பாரும் உளர். அது பொருந்துவதே. ஆயினும் உட்பொருள் கண்ட மகிழ்ச்சியில், வைக்கோலுக்கு ஏங்கி வாயிலில் நிற்கும் பசுவை மறத்தல் தகாது.

கோயில்கள் ஆநிரை புரந்தமை கல்வெட்டுக்களால் அறியப்படும். முதல் இராசராச சோழர் எடுத்த தஞ்சைப் பெருங்கோயிலில், ஒரு திருவிளக்குக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 என விடப்பட்டன. நாடோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இங்ஙனம் விடப்பட்ட கால்நடைகளைச் 'சாவா மூவா' என்று பல கல்வெட்டுக்கள் கூறும். மூத்ததும் இறந்ததும் கழிய, இளையதால் தொகையை நிரப்பிக்கொண்டு வருதலின் அப்பெயர். ஆகவே சாவாதது தொகையே. ஓர் ஆடோ பசுவோ அன்று. விளக்கெரிதற்கு அம்முறை போதும். மடி வற்றிய பசு எங்குப் போயிற்று என்பதற்கு அதனுள் விடை இல்லை.

அதற்கு விடை கண்டோர் பிறரே. பம்பாயில் 1834-இல், கூர்ச்சர வணிகரும், சர் ஜம்ஷெட்ஜி ஜீஜிபாய் என்னும் பார்சிச் செல்வரும் முன்னின்று, கைவிடப்பட்ட பிராணிகளுக்குப் 'பிஞ்சராப்போல்' என்னும் புகலிடம் நிறுவினர். சென்னை அயனாவரத்திலும் 1906-இல் அத்தகையதொன்று தோன்றிற்று. பயனற்றதென்று துரத்தப்பட்ட மாட்டை இறக்குமளவும் பேணுதலே இவற்றின் நோக்கம். திருமூலரைத் தம் ஆசிரியராகக் கொண்ட மரபினர் இத்துறையில் முந்தாமை வருந்தற்குரியது.

கறவை நின்ற மாட்டைக் கோயிலுக்கு விட்டுத் தம் சுமை கழிப்பாரும் உளர். அதனைக் கோதானம் என்பது எங்ஙனம் பொருந்தும்? பெறுமிடத்திலும் கறப்பனவற்றுக்கே புல்லும் பிண்ணாக்கும் முந்துகின்றன. மடத்துக் கோசாலைதோறும் மடி வற்றியவற்றுக்கெனத் தனிக் கொட்டில் ஒன்று ஒதுக்குதல் பெருஞ்செலவன்று. நாயனார் குருபூசை நாளாகிய ஐப்பசி அசுவினியில், அக்கொட்டிலில் முதற்பிடி புல் இட்டபின் பூசை தொடங்கலாம்.