ஓமோன் மருந்தை நிறுத்திய பின்

தமிழ்ப் பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்நாளைப் பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களாக வகுத்தன. ஏழாம் பருவம் நாற்பதாவது வயதோடு முடிகின்றது. அதன் பின்னரும் பெண் நெடுங்காலம் வாழ்கின்றாள். ஆயினும், அவ்வாழ்வுக்கு அந்நூல்கள் பெயரிட்டில. மேனாட்டு மருத்துவத்திலும் மாதவிடாய் ஓயும் பருவத்துக்கு இன்று வழங்கும் பெயர் பிற்காலத்ததே. பிரெஞ்சு வைத்தியரான சார்ள் த கார்டான் என்பவர் 1821ஆம் ஆண்டில் 'மெனோபோஸ்' என்னும் சொல்லைத் தம் நூலின் தலைப்பிலே வைத்து வழங்கினார். அப்பருவத்தின் துன்பங்களைத் தணிக்கும் மருந்து சந்தைக்கு வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆனால், அம்மருந்தை நிறுத்தினால் பழைய துன்பம் திரும்பி வருமா என்னும் எளிய கேள்விக்குப் பெருமளவில் விடை தேடப்பட்டது இந்த நூற்றாண்டிலேதான். அத்தாமதம் எவ்வாறு நேர்ந்தது என்பதையே இன்று ஆராய்வோம்.

நேயர்களே, முதலில் அத்துன்பம் யாதென்று அறிந்துகொள்ளுதல் நன்று. பெண்ணின் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. ஐம்பது வயதை அண்மும்போது அச்சுரப்பு குறைந்து, மாதவிடாயும் ஓய்கின்றது. மூளையில் உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பகுதி இக்குறைவினால் நிலை தடுமாறுகின்றது. உடல் வெப்பம் சிறிதளவு ஏறினாலும், பெருவெப்பம் தாக்கியது போல அது தொழிற்படுகின்றது. முகத்திலும் மார்பிலும் அனல் பரவும், வியர்வை பெருகும், இரவில் உறக்கம் கலையும். சிலர் இதனைச் சிறிதும் உணராமலே அப்பருவத்தைக் கடந்துவிடுகின்றனர். சிலருக்கோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றது.

இதற்கு மருந்து தேடிய வரலாறு ஆய்வுகூடத்தில் தொடங்கியது. 1923ஆம் ஆண்டில் எட்கர் அலன், எட்வேட் டொய்சி என்னும் அமெரிக்கர் இருவர், சூலகத்திலுள்ள ஓமோனின் செயலை அளந்தறியும் முறையை வெளியிட்டனர். 1929இல் டொய்சியும், ஜேர்மனியில் அடொல்ப் பூட்டனாந்தும், ஒருவரையொருவர் சாராது, ஈஸ்ட்ரோன் என்னும் ஓமோனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். கருவுற்ற பெட்டைக் குதிரையின் சிறுநீரில் இவ்வினத்து ஓமோன்கள் மிகுதியாக உள்ளன. அதிலிருந்து செய்த குளிசை 'பிரெமரின்' என்னும் பெயரோடு 1942இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அம்மருந்து அனலைத் தணித்தது. உறக்கத்தை மீட்டுத் தந்தது. அதன் பயனைப் பெண்கள் தம் உடலாலேயே அறிந்தனர். இதனை மறுப்பதற்கில்லை.

ஆனால், 1966ஆம் ஆண்டில் ஒரு புதிய கொள்கை எழுந்தது. நியூயோர்க் நகரத்து வைத்தியரான றொபேட் வில்சன், 'ஃபெமினின் ஃபொரெவர்' என்னும் நூலை வெளியிட்டார். 'என்றென்றும் பெண்மை' என்பது அத்தலைப்பின் பொருள். மாதவிடாய் ஓய்வு இயற்கையான பருவமன்று, ஓமோன் குறைவினால் வந்த நோய் என்றும், அதற்கு ஈஸ்ட்ரோஜனை நெடுங்காலம் கொடுத்தல் வேண்டும் என்றும் அவர் வாதித்தார். அவருடைய பணிகளுக்கு மருந்துக் கம்பனிகளின் பண உதவி இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. நம் கேள்விக்குரிய தாமதத்தின் வேர் இக்கொள்கையில் உள்ளது. என்றென்றும் உண்ண வேண்டிய மருந்தென்று ஒன்றை வகுத்துவிட்டால், அதை நிறுத்தும் வழியை எவரும் ஆராயப்போவதில்லை அன்றோ?

முதல் எச்சரிக்கை 1975இல் வந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்ட பெண்களிடத்தில் கருப்பையின் உட்சுவரிற் புற்றுநோய் மிகுகின்றதென இரண்டு ஆய்வுகள் காட்டின. அதன் பின்னர், கருப்பையைக் காக்கும் பொருட்டுப் புரொஜெஸ்டரோன் இனத்து மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பரவியது. இதயத்தையும் இம்மருந்து காக்கும் என்ற நம்பிக்கையும் வளர்ந்தது. அந்நம்பிக்கையைச் சோதிக்கும் பொருட்டும் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 1991இல் 'பெண்கள் சுகாதார முன்முயற்சி' என்னும் பேராய்வைத் தொடக்கிவைத்தது. அதன் ஒரு பிரிவில் 16,608 பெண்கள் சேர்ந்தனர். ஒரு சாரார் ஓமோன் குளிசையையும், மறுசாரார் மருந்தில்லா வெறுங் குளிசையையும் உண்டனர். யார் எதை உண்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

2002ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அப்பிரிவு குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. பதினாயிரம் பெண்கள் ஓராண்டு மருந்துண்டால், மார்பகப் புற்றுநோய் எண்மருக்கும், பாரிசவாதம் எண்மருக்கும், இதயநோய் எழுவருக்கும் கூடுதலாக வரும் என்று கணக்கிட்டனர். இடுப்பெலும்பு முறிவு ஐவருக்கும், பெருங்குடற் புற்றுநோய் அறுவருக்கும் குறையும் என்பதும் அதே கணக்கில் உண்டு. செய்தித்தாள்கள் முதற்பகுதியையே பெரிதாக வெளியிட்டன. இலட்சக்கணக்கான பெண்கள் அச்சமுற்று மருந்தைக் கைவிட்டனர்.

அப்பொழுதுதான் பழைய கேள்வி பெண்களின் வாயிலாகவே எழுந்தது: "நிறுத்திவிட்டேன், இனி என்ன நேரும்?" ஆய்வு நிறுத்தப்பட்ட நாள்வரை குளிசை உண்டுவந்தோரிடம், எட்டு முதல் பன்னிரண்டு மாதங்கள் கழித்து வினாப்பத்திரம் மூலம் விசாரித்தனர். 8,405 பேர் விடையளித்தனர். அவர்களின் சராசரி வயது 69. முடிவுகள் 2005இல் வெளியாயின. ஓமோன் உண்டவருள் நூற்றுக்கு 21 பேரும், வெறுங் குளிசை உண்டவருள் நூற்றுக்கு ஐவரும் அனலும் வியர்வையும் ஓரளவேனும் கடுமையாக உண்டென்றனர். ஆய்வில் சேர்ந்த நாளிலேயே அத்துன்பம் உடையோராயிருந்தவரைத் தனியே நோக்கினால், அத்தொகை முறையே நூற்றுக்கு 55க்கும் 21க்கும் மேலாகின்றது.

இவ்வெண்களை நாம் அமைதியாக நோக்குதல் வேண்டும். வெறுங் குளிசை உண்டவரிற் பெரும்பாலாரின் உடல், ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே குறைவுக்குப் பழகிக்கொண்டது. ஓமோன் உண்டவரின் உடலோ, அவ்வாறு பழகும் தேவையை அவ்வாண்டுகளில் அடையவில்லை போலும். மருந்து துன்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றது, அதனை வேரறுப்பதில்லை. ஆயினும், எல்லார்க்கும் அது திரும்பிவிடுவதுமில்லை. முன்பு துன்புற்றவருள்ளும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது கடுமையாகத் திரும்பவில்லை என்பதையும் அக்கணக்கே காட்டுகின்றது. 2015இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, அனல் பரவும் தொல்லை மொத்தத்தில் இடைநிலையாக 7.4 ஆண்டுகள் நீடிப்பதாகக் கண்டது. அக்காலம் முடியுமுன் மருந்தை விடுவோர்க்குத் துன்பம் திரும்புதல் வியப்பன்று.

படிப்படியாகக் குறைத்தால் தப்பலாமா என்று வினவுவோர் உளர். பிரித்தானிய அரசின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2015இல் இதற்கு விடை கூறிற்று. மெல்லக் குறைத்தால் தொடக்கத்தில் துன்பம் திரும்புதல் குறையக்கூடும். நாட்செல்ல, சட்டென நிறுத்தினோர்க்கும் அவர்க்கும் வேறுபாடு இல்லை என்பதே அவ்விடை. மேலும், எலும்புக்குக் கிடைத்த காப்பு, மருந்து நின்றதும் நாளடைவில் தேய்ந்துவிடுகின்றது. பிறப்புறுப்பின் வறட்சி, அனலைப்போலக் காலப்போக்கில் தானே தணிவதன்று. அதற்கு அவ்விடத்தில் மட்டும் இடும் மருந்துகள் தனியே உண்டு.

2002ஆம் ஆண்டின் அச்சமும் பின்னர் திருத்தம் பெற்றது. அவ்வாய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குட்பட்டோர்க்கும், மாதவிடாய் ஓய்ந்து பத்தாண்டு கடவாதோர்க்கும், வேறு தடையின்றேல், மருந்தின் நன்மை தீமையிலும் மேலோங்கும் என்பது இன்று நிபுணர் பலரின் துணிபு. ஆகவே, தொடர்வதா விடுவதா என்பதை ஒவ்வொருவரும் தம் வயதும் உடல்நிலையும் அறிந்த வைத்தியரோடு கலந்தே தீர்மானித்தல் வேண்டும்.

என்றென்றும் உண்க என்றது ஒரு காலம்; உடனே விடுக என்றது மற்றொரு காலம். இரண்டு காலத்திலும், விட்டபின் வரும் இரவுகளைப் பற்றிப் பெண்ணுக்கு எவரும் முன்னறிவித்திலர். மருந்தை நிறுத்தியபின் மீண்டும் அனல் எழக் காணும் பெண், அதனைத் தன் மனத்தளர்ச்சி என்றோ புதுநோய் என்றோ எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அவளைப் போன்ற பலர் அதே விடையை எழுதித் தந்துள்ளனர். அதனை அவளுக்கு முன்கூட்டியே எடுத்துரைப்பது மருந்து எழுதும் கையின் கடமையாகும்.