குடலைக் குற்றம் சொன்ன காலம்

பணி ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒன்பது கிலோ எடை கூடியது. கூடவே மனச்சோர்வும் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சென்ற மாதம், காலை நடையில் உடன் வரும் நண்பர் சொன்னார்: "சார், ரெண்டுக்கும் காரணம் குடல்ல இருக்கிற பாக்டீரியாதானாம். தினமும் தயிர் சாப்பிடுங்க, மாத்திரையை நிறுத்திடுங்க." எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

இது பழைய எண்ணம். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றி, 1908-இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப், பெருங்குடலில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நஞ்சுதான் நம்மைச் சீக்கிரம் கிழவராக்குகிறது என்று நம்பினார். அதற்கு மாற்றாக அவர் சொன்னது புளித்த பால். 1910-இல் லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையின் ஜார்ஜ் போர்ட்டர் பிலிப்ஸ், மனச்சோர்வு நோயாளிகள் 18 பேருக்கு லாக்டிக் அமில பாக்டீரியா கொடுத்து, 11 பேர் குணமடைந்ததாக எழுதினார். மருந்து கொடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

புளித்த பாலோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அமெரிக்காவில் டிரென்டன் மனநல மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன், உடலில் ஒளிந்திருக்கும் கிருமிகளால்தான் பைத்தியம் பிடிக்கிறது என்று முடிவு கட்டினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், டான்சிலை எடுத்தார், அப்படியும் குணமாகாவிட்டால் பெருங்குடலையே வெட்டினார். குடல் அறுவைக்கு ஆளானவர்களில் பத்தில் மூன்று பேராவது இறந்தார்கள். வேண்டாம் என்று கதறியவர்களையும் அவர் விடவில்லை. அத்தனையும் நடந்தது "குணப்படுத்துகிறேன்" என்ற நம்பிக்கையில்!

அதன்பின் நெடுங்காலம் மருத்துவ உலகம் இந்தப் பேச்சையே ஒதுக்கி வைத்தது. 2004-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தினர், குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகள் நெருக்கடியில் அளவுக்கு மீறிப் பதறுவதைக் கண்டார்கள். 2006-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், பருத்த எலியின் குடல் பாக்டீரியாவைக் கிருமியற்ற எலிக்கு மாற்றினார்கள். அதற்குக் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. 2018-இல் பாஸ்டன் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தினர் இரண்டையும் இணைத்தார்கள். கொழுப்பு உணவால் பருத்த எலிகள் பயமும் சோர்வும் காட்டின. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் அது குறைந்தது. மூளையில் அழற்சி தணிந்து, இன்சுலினும் மேலாக வேலை செய்தது.

எலியில் கண்டது இது. மனிதருக்கு மருந்தாக, நடக்க வேண்டிய சோதனைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. காட்டன் அதற்குக் காத்திருக்கவில்லை. அவருடைய நோயாளிகள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ தயிர் வேண்டாமா சார்?" என்றார். தயிர் சாப்பிடுகிறேன். மாத்திரையும் சாப்பிடுகிறேன். நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.