கோல் வாசலில் ஒருவர், வலது ஓரத்தில் ஒருவர்

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் சுரங்கத்திலோ ஆலையிலோ அன்றைய கூலி போய்விடும். அதை யார் ஈடுகட்டுவது? இந்தத் தகராறில்தான் வட இங்கிலாந்தின் ரக்பி கிளப்புகள் 1895 ஆகஸ்டு 29 அன்று ஹட்டர்ஸ்பீல்டில் கூடித் தாய்ச்சங்கத்தை உதறிவிட்டு வெளியேறின. பின்னாளில் ரக்பி லீக் என்று பெயர்பெற்ற தொழில்முறை ஆட்டம் அங்கே பிறந்தது. அந்த ஆட்டத்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிய மவுசு கிடையாது. ஆனால் கூலிக் கேள்வி இங்கும் இருந்தது, காற்பந்தில். அதற்கு இரண்டு காலங்களில் இரண்டு விதமான விடைகள் கிடைத்தன. கோல் காவலர் ஆர். ஆறுமுகம் முதல் விடையின் காலத்தில் ஆடியவர். எஸ். குணாளன் இரண்டாவதில் ஆடியவர். இருவருமே சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் உடுப்பைப் போட்டவர்கள் என்பதால், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை.

ஆறுமுகம் 1953-இல் பிறந்தவர், கிள்ளான் துறைமுகப் பக்கத்துப் பையன். நீண்ட கைகளுக்காக ரசிகர்கள் வைத்த பெயர் 'ஸ்பைடர்மேன்'. எழுபதுகளில் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் வாசலில் நின்றார். நாட்டுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். கோலாலம்பூரில் 1977-இலும் ஜகார்த்தாவில் 1979-இலும் மலேசியா சீ விளையாட்டுத் தங்கம் வென்ற காலம் அவருடைய காலம். முன்னால் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் தடுப்புச் சுவர். எதிர்முனையில் மொக்தார் டஹாரி. அந்த அணியைப் பற்றிப் பேசினால் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் இன்றும் தேத்தண்ணி ஆறிப்போகும்.

அப்போது காற்பந்து யாருக்கும் தொழிலல்ல. வங்கி, போலீஸ், ராணுவம், மின்சார வாரியம், மாநில வளர்ச்சிக் கழகம் என்று எங்காவது ஒரு வேலை இருக்கும். ஆட்டக்காரன் என்பதற்காகவே வேலை கொடுத்த முதலாளிகளும் உண்டு. பயிற்சிக்குச் சம்பளத்தோடு விடுப்பு தருவார்கள். நிறுவனங்களுக்கிடையே நடக்கும் போட்டிகளில் அவன் அவர்களுக்கு ஆட வேண்டும். இழந்த வேலை நேரத்துக்குக் கூலி கேட்டு இங்கிலாந்தில் கிளப்புகள் பிளந்தன என்றால், இங்கே அந்தக் கூலியை முதலாளி சத்தமில்லாமல் கொடுத்துவிட்டார். எனவே பிளவும் வரவில்லை, ஒப்பந்தமும் வரவில்லை. ஆடி முடித்தவனுக்கு மேசையும் சேமநிதியும் மிஞ்சின. அந்த ஏற்பாட்டை இலட்சியமாக்க நான் தயாரில்லை. அரங்கில் எத்தனை ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கினாலும் ஆட்டக்காரன் கையில் வந்தது படிக்காசுதான்.

ஆறுமுகத்தின் உச்சம் 1980 ஏப்ரல். மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்றது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி ஊரிலேயே தங்கிவிட்டது. அந்த ஆட்டம்தான் 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்துக்கு மூலம். அதில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்தவர்கள் ஆறுமுகத்தைத்தான் நினைத்துக்கொண்டார்கள். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. கையுறையைக் கழற்றிய பிறகு அவர் என்னவாகியிருப்பார் என்பதைப் பார்க்க நமக்கு வாய்க்கவில்லை.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1989-இல், மலேசிய லீக் பகுதித் தொழில்முறைக்கு மாறியது. 1994-இல் முழுத் தொழில்முறை. ஆட்டக்காரனுக்கு முதன்முறையாக உண்மையான சம்பளம் வந்தது. கையோடு சூதாட்டத் தரகர்களும் வந்தார்கள். 1994, 95 ஊழல் விசாரணையில் ஆட்டக்காரர்கள் பலர் தடைசெய்யப்பட்டார்கள், சிலர் ஊர்மாற்றிக் கட்டுப்படுத்தப்பட்டார்கள். மலேசியக் காற்பந்து அந்த அடியிலிருந்து எழ வெகுகாலம் பிடித்தது.

குணாளன் 1986-இல் பிறந்தவர். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவர் பார்த்தது தொழில்முறை லீக்கைத்தான். வலது ஓரத்தில் பந்தைத் தட்டிவிட்டு ஆளைக் கடந்து ஓடுவது அவர் பாணி. நெகிரி செம்பிலானோடு 2009-இல் மலேசியக் கிண்ணம், அதே டிசம்பரில் வியந்தியானில் சீ விளையாட்டுத் தங்கம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது. அடுத்த ஆண்டு தென்கிழக்காசிய அணிகளுக்கான சுசுகி கிண்ண இறுதியில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0, ஜகார்த்தாவில் 1-2, மொத்தத்தில் 4-2. பிரதமர் 2010 டிசம்பர் 31-ஐப் பொது விடுமுறையாக அறிவித்தார். ஒலிம்பிக் தகுதிபெற்றும் வீட்டில் உட்கார்ந்த 1980 அணியை நினைத்தால், இவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இரண்டு வெற்றிகளிலும் பயிற்சியாளர் கே. ராஜகோபால். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஓர ஆட்டக்காரராக ஆடிய ஆறுமுகத்தின் தலைமுறைக்காரர். ஓரத்தில் ஓடத் தெரிந்த ஒருவர் அதே ஓட்டத்தைக் குணாளனிடம் கண்டுகொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் கிடையாது.

சா ஆலமில் சிலாங்கூருக்கு இரண்டு பருவம் ஆடிவிட்டு 2014-இல் குணாளன் ஜொகூர் டாருல் தக்சிமுக்குப் போனார். லீக் பட்டத்தை ஆண்டுதோறும் அள்ளிய அணி அது. 2015-இல் டுஷான்பேயில் ஏஎஃப்சி கிண்ணத்தையும் வென்றது. அங்கே அவர் பல ஆட்டங்களில் தற்காப்பில் நின்றார். வயது ஏற ஏற ஓரத்திலிருந்து பின்னுக்கு நகர்ந்து தாக்குப்பிடிப்பது தொழிலைத் தொழிலாகப் பார்ப்பவனின் கணக்கு. ஆறுமுகத்துக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. கோல் காவலனுக்குப் போய்ச்சேர வேறு இடமும் இல்லை.

பணத்தை மட்டும் பார்த்தால் போட்டி முடிந்தது, குணாளன் பக்கம். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முன்பு ஆட்டக்காரனைத் தாங்கியது வங்கியோ வாரியமோ; அணி தோற்றாலும் அது இருந்தது. இப்போது தாங்குவது கிளப்பின் பண நிலை. பெரிய கிளப்பில் இடம் கிடைத்தவனுக்குக் கவலையில்லை. மற்றவனுக்கு ஒப்பந்தம் ஓராண்டு, இரண்டாண்டு; மாதக்கணக்கில் சம்பள பாக்கி மலேசிய லீக்கில் செய்தியே அல்ல. 2025-இல் கெடா உரிமம் கிடைக்காமல் வெளியேறியது. பேராவும் ஸ்ரீ பகாங்கும் விலகின. பழைய மாநிலப் பெயர்கள் எல்லாம்.

இந்தியர் காற்பந்துச் சங்கம் வளர்த்த மிஃபா அணிக்கும் இதுதான் நடந்தது. பிரீமியர் லீக்கிலிருந்து மேலேறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர்மாற்றிச் சூப்பர் லீக்கில் ஆடியது. நம் பையன்களுக்குத் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைய ஒரு வாசலாக இருக்கும் என்று நம்பினோம். 2022 பருவத்தோடு அணி லீக்கைவிட்டு விலகியது. குணாளனின் வேகத்தோடு இன்று கிள்ளானில் ஒருவன் இருந்தால் அவன் சிலாங்கூர், கோலாலம்பூர் சிட்டி போன்ற அணிகளின் இளையோர் பிரிவில்தான் முட்டிமோத வேண்டும். இடம் கிடைத்தால் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் சம்பளத் தேதி, காயத்துக்கான காப்புறுதி, சேமநிதிப் பிடித்தம் மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.