காத்திருத்தலும் ஜெர்மானிய மொழியும்

கடல் கடந்து சென்ற தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கப்பல்களைப் பற்றியும் கூலியைப் பற்றியும் நிறைய எழுதுவர். அவர்கள் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுதியோர் சிலரே. ஆயினும் ஊர் விட்டு ஊர் சென்றோர் வாழ்வில் பெரும்பகுதி காத்திருத்தலிலேயே கழிகின்றது.

மலைமீது வாழும் நமக்கு இது புதிதன்று. மூணாற்றில் ஓடிய ரயில் 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது; பின்னர் இம்மலையில் ரயில் ஓடவேயில்லை. மலையடியிலுள்ள போடிநாயக்கனூர் ரயிலும் அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்று, 2023 ஜூன் மாதத்தில்தான் திரும்பியது. ரயில்வே ஊழியராகிய நாம் பயணிகளிடம் மிகுதியாகச் சொன்ன சொல் ‘பொறுங்கள்’ என்பதே.

இன்று நம் இளைஞர் முன் வேறொரு காத்திருத்தல் வந்துள்ளது. கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் 2021 டிசம்பரில் ஜெர்மானிய அரசின் வேலைவாய்ப்பு அமைப்போடு ஒப்பந்தம் செய்தது. செவிலியர் பயிற்சி பெற்றோர் ஜெர்மானிய மொழி கற்றுத் தேர்வெழுதி, சான்றிதழுக்கும் விசாவுக்கும் காத்திருக்கின்றனர். ஆகவே அம்மொழியில் காத்திருத்தலை எவ்வாறு சொல்வது, நமக்கு முன் அதைக் கற்ற தமிழர் யாவர் என்று அறிதல் நலம்.

இவ்விரு மொழிகளின் உறவு பழையது. 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1714இல் அவர் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்னும் தமிழரையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே ஹாலே நகரில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் 1716இல் அச்சாயிற்று.

இனிச் சொல்லுக்கு வருவோம். காத்திருத்தலை ஜெர்மானியர் ‘வார்ட்டன்’ என்பர். அதன் பழம்பொருள் கண்காணித்தல், காவல் புரிதல் என்பதாம். ரயில் பாதைக் காவலரை அவர்கள் ‘பான்வேர்ட்டர்’ என்றது இவ்வேரினின்றே. நம் ‘காத்திரு’ என்னும் சொல்லிலும் ‘கா’ என்ற காவல் வேர் இருத்தலைக் காண்க. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள், விழித்திருந்து காப்பவனே காத்திருப்பவன் என்று ஒருங்கே எண்ணின.

‘நான் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்’ என்பதை ‘இஹ் முஸ் லாங்கெ வார்ட்டன்’ என்பர். நாம் இறுதியில் வைக்கும் ‘வேண்டும்’ அங்கே ‘நான்’ என்பதை அடுத்தே வந்துவிடும். காத்திருத்தல்தான் கடைசியில் நிற்கும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்ல, நாம் பெயரின் பின்னே ‘க்காக’ சேர்ப்போம்; அவர்கள் பெயரின் முன்னே ‘அவ்ஃப்’ என்னும் சொல்லை வைப்பர்.

இவ்வாக்கியத்தை வகுப்பறைக்கு வெளியே, வாழ்க்கையிற் கற்றவர் ஈழத் தமிழர். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் அவர்கள் ஆயிரக்கணக்கில் மேற்கு ஜெர்மனியை அடைந்தனர். கிழக்குப் பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்குப் பெர்லினுக்குள் நுழைவது பலருக்கு வழியாயிற்று. 1985இல் கிழக்கு ஜெர்மானிய அரசு, மேற்செல்லும் விசா இல்லாத தமிழருக்கு அவ்வழியை அடைத்தது. புகலிடம் கேட்டவர், 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமக்குக் குறிக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறலாகாது. வேலை செய்யவும் தடையிருந்தது. 1987 முதல் அது ஐந்தாண்டுகளாக நீண்டது. உழைத்துப் பிழைக்க வந்த கைகள் சும்மா கிடந்தன.

விண்ணப்பம் தள்ளுபடியாகியும் திருப்பி அனுப்பப்படாதவர்க்குக் கிடைத்த தாளின் பெயர் ‘டுல்டுங்’. அது வசிக்கும் உரிமையன்று; வெளியேற்றம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது என்ற குறிப்பு மட்டுமே. சில மாதங்களுக்கு ஒருமுறை வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். இச்சொல்லுக்குப் பொருள் பொறுத்துக் கொள்ளுதல். பொறுமையைக் குறிக்கும் ‘கெடுல்ட்’ என்ற சொல்லும் இதே வேரினது. தமிழிலோ ‘பொறு’ என்னும் ஒரே சொல், காத்திரு என்றும் தாங்கிக்கொள் என்றும் இருபொருள் தரும்; பொறுப்பவர் காத்திருப்பவரே. அந்தத் தாளிலோ பொறுப்பது அரசு, பொறுக்கப்படுபவர் மனிதர். ஆண்டுக்கணக்கில் உண்மையில் பொறுத்திருந்தவர் யாரென்பதை அத்தாள் சொல்லவில்லை.

எல்லாராலும் அவ்வாறு பொறுக்க இயலவில்லை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 150க்கும் மேற்பட்ட தமிழரை மீனவர் கண்டு காப்பாற்றினர். அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறி, நடுக்கடலில் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள். ஆழ்கடலில் இறங்கத் துணிந்தவர், அதற்குமுன் எத்தகைய காத்திருத்தலைக் கண்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கியவரோ வேரூன்றினர். ஹாம் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய காமாட்சி அம்பாள் வழிபாடு வளர்ந்து, 2002 ஜூலையில் கோபுரத்தோடு கூடிய கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. அவர்தம் பிள்ளைகள் ஜெர்மானிய மொழியைத் தாய்மொழிபோற் பேசுகின்றனர்.

நம் இல்லத்துப் பெண்கள் ஒப்பந்தத்தோடும் தேர்ச்சியோடும் செல்பவர்கள். அகதிகளின் துயரம் அவர்களுக்கு இல்லை. எனினும் அயல்நாட்டு அலுவலக வாயிலில் நிற்பவர் எவர்க்கும் மொழியே துணை. ‘நான் காத்திருக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தைப் பாடநூல் கற்பிக்கும். பணிவுடையோர் எளிதிற் கற்பர். அதனோடு ‘வீ லாங்கெ நோஹ்’ என்பதையும் அவர்கள் கற்கட்டும். ‘இன்னும் எவ்வளவு காலம்?’ என்பது அதன் பொருள். இக்கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நம் முன்னோர் தோட்டத்து அலுவலக வாயிலில் தம் மொழியிலேயே கேட்கத் தயங்கிய கேள்வி இது. அதை அயல்மொழியிலும் தலைநிமிர்ந்து கேட்கும் மக்களை நம் சங்கம் உருவாக்க வேண்டும் என்பதே நம் அவா.