அறிவினாவும் அறியாவினாவும்: மாணவர் உணர்ந்ததை அறியும் முறையின் வரலாறு

இலக்கணம் பயின்றோர் வினாவின் வகைகளை மறந்திருக்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறது. தாம் விடையை அறிந்திருந்தும் பிறர் அதனை அறிவரோ எனத் தெரிந்துகொள்ள வினவுவது அறிவினா. தாம் அறியாததை அறிந்துகொள்ள வினவுவது அறியாவினா. முதல் வகைக்குப் பள்ளி இலக்கண நூல்கள் வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு, ஆசிரியர் மாணவரை நோக்கி 'இப்பாட்டின் பொருள் யாது?' என்று வினவுவதாகும்.

இவ்வெடுத்துக்காட்டைக் கடந்து செல்லுமுன் சற்றே நின்று நோக்குவோம். பாட்டின் பொருளைப் பொறுத்தவரை அது அறிவினாதான். ஆயினும், அப்பொருள் மாணவர் உள்ளத்தில் எவ்வடிவில் பதிந்துள்ளது என்பதை ஆசிரியர் அறியார். அந்த அளவில் அதே வினா அறியாவினாவும் ஆகிறது. ஆசிரியர் இவ்விரண்டாவது பாதியை மறந்து, தமக்குத் தெரிந்த விடை மீண்டும் தம் செவியில் விழுந்தால் போதும் என எண்ணும்போது, வினா வெறும் சடங்காகிறது. மாணவர் உள்ளத்தை அறியவேண்டும் என்று உண்மையாகவே வினவி, கேட்ட விடைக்கேற்ப அடுத்த பாடத்தை மாற்றிக்கொள்ளும்போது, இக்காலக் கல்வியியலார் 'வளரறி மதிப்பீடு' என்று பெயரிட்ட செயல் நிகழ்கிறது. பெயர் புதியது, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு பரவலாகியது. வளர்ச்சியினூடே அறிவதை வளரறி என்றும், முடிவில் தொகுத்து அறிவதைத் தொகுத்தறி என்றும் அமைத்த கலைச்சொல்லாளரை நாம் பாராட்டவே வேண்டும். கல்வித்துறைக் கலைச்சொற்களில் இத்துணை எளிதில் பொருள் விளங்குபவை மிகுதியில்லை.

நன்னூலின் பொதுப்பாயிரம் நூலின் இலக்கணத்தோடு நில்லாமல், கற்பிப்போர், கற்போர், கற்கும் முறை ஆகியவற்றையும் வரையறுக்கிறது. ஆசிரியர் நூலைக் கொடுக்குமுன், அதனைப் பெறுவோன் எவ்வகையில் பெறக்கூடியவன் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு கற்பிக்க வேண்டும் என்கிறது. மாணாக்கனுக்குரிய கடமைகளில் கேட்டதை நினைத்தல், உடன் பயில்வோரோடு பழகுதல், வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடை கூறுதல் ஆகியவற்றைச் சேர்க்கிறது. பின்னர் ஒரு கணக்கும் சொல்கிறது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. அளவுகோல் கொண்டு அளந்த கணக்கன்று இது. எனினும் ஆசிரியரின் விளக்கத்திற்குக் காற்பங்கே கொடுத்த துணிவு எண்ணத்தக்கது. மாணாக்கன் வாய்திறந்து எடுத்துரைக்கும்போது அவன் கொண்டது எது, கொள்ளாதது எது என்பது அவனுக்கும் கேட்போர்க்கும் ஒருங்கே வெளிப்படுகிறது.

அதே பாயிரம் மாணாக்கரை உவமை வாயிலாகத் தரம் பிரிக்கிறது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை; மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு; ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்க்கு. கிளிக்குக் கிடைத்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். பயிற்றுவித்ததைப் பிசகின்றித் திருப்பிச் சொல்வதனால் அது கடைநிலைக்குத் தள்ளப்படவில்லை. அதற்குமேல் ஒன்றும் சொல்ல இயலாமையால் முதல்நிலைக்கும் உயரவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசும்போது நம்மவரிடையே இருவேறு மிகைகள் உண்டு. ஒரு சாரார் அவற்றைப் பொற்காலமாக்குவர். மறுசாரார் பிரம்படியை மட்டுமே நினைவுகூர்வர். இரண்டுக்கும் இடையே ஆவணங்கள் உள்ளன. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவரையும் பதிவு செய்தது. அக்கணக்கெடுப்புக்காக 1823இல் அறிக்கை அனுப்பிய பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல், தம் மாவட்டத்துப் பள்ளிகளைக் கூர்ந்து விவரித்தார். பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கும் பகுதி. ஆயினும் அவர் காட்டும் பள்ளியின் அமைப்பு நம் திண்ணைப் பள்ளிக்கு நெருங்கிய உறவினது. மாணவர் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். கீழ்வகுப்பினரைச் சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்ள, மேல்வகுப்பினரை ஆசிரியர் நேரே கற்பித்து, பள்ளி முழுவதன்மீதும் கண் வைத்திருந்தார். முன்னேறிய மாணவர் பின்னவர்க்குக் கற்பிக்கும் இம்முறையைக் கேம்பெல் பாராட்டினார். அதே அறிக்கையில், மாணவர் எண்ணற்ற செய்யுள்களைப் பொருள் சற்றும் அறியாமல் ஒப்பிப்பதைச் சுட்டி, அவர்களைப் பயிற்றப்பட்ட கிளிக்கு ஒப்பிட்டார். நன்னூலை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆறு நூற்றாண்டு இடைவெளியில் இருவருக்கும் ஒரே பறவை கிடைத்திருக்கிறது.

ஆக, திண்ணைப் பள்ளி நாள்தோறும் சோதித்தது. 'முறை சொல்லுதல்' என்ற பெயரில் ஒவ்வொரு மாணவரும் வாய்திறக்க வேண்டியிருந்தது. எவரும் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ள இயலாது. ஆனால் அது சோதித்தது நினைவை; உணர்ந்ததை அன்று. எண்சுவடியில் அக்குறை பெரிதும் வெளிப்படாது. நீதிநூல்களிலும் நிகண்டிலும் வெளிப்பட்டது.

இம்முறை கடல் கடந்த கதை கல்வி வரலாற்றில் புகழ்பெற்றது. சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் குழந்தைகளுக்கான ஆண்கள் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யப் பணித்தார். துணையாசிரியர்கள் இசையவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் வெற்றி கண்டான். பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூல் 'சென்னை முறை'யை உலகறியச் செய்தது. 1832இல் மறைந்த அவர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சென்னை மணலில் தொடங்கிய ஒரு முறை அவருக்குத் தேடித்தந்த பெருமையை இதிலிருந்து உணரலாம்.

ஆனால் எது பயணம் செய்தது, எது கரையிலேயே நின்றுவிட்டது என்று கேட்பது தகும். இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் இம்முறையை விரும்பியதற்குக் காரணம் சிக்கனம். ஓர் ஆசிரியரின் ஊதியத்தில் பல நூறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர்களை ஈர்த்தது. அருகமர்ந்த மாணவனின் தடுமாற்றத்தை இன்னொரு மாணவன் காதுகொடுத்துக் கேட்டுத் திருத்துகிறான் என்ற நுண்மை, நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த கூடங்களில் கரைந்துபோயிற்று.

அடுத்து வந்தது தேர்வுக்குக் காசு கொடுக்கும் காலம். 1862இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தொகுப்பின்படி, கண்காணிப்பாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தவறியவர்க்கேற்பப் பள்ளியின் மானியம் குறையும். கவிஞரும் பள்ளிக் கண்காணிப்பாளருமான மேத்யூ ஆர்னல்ட் இதனைக் கடுமையாக எதிர்த்தார். பாடநூலை மனப்பாடம் செய்துவிட்டால் வாசிக்கத் தெரியாமலே வாசிப்பில் தேறிவிடலாம் என்பதை அவர் கண்டிருந்தார். சென்னை மாகாணத்திலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் இம்மானிய முறையின் சாயல் விழுந்தது. சிங்கப்பூரில் 1872இல் பள்ளிக் கண்காணிப்பாளர் பதவி உருவாயிற்று. 1891இல் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் வந்தன. ஆசிரியர் தம் மாணவரை அறிவதற்காக வினவியது போய், வெளியிலிருந்து வந்தவர் பள்ளியை எடைபோடுவதற்காக வினவும் வழக்கம் வேரூன்றியது. கற்பிப்பவர்க்கு அவ்வினாவின் விடையால் ஆவது ஒன்றுமில்லை. ஏனெனில், முடிவு வரும்போது மாணவர் அடுத்த வகுப்பில் இருப்பார்.

மலாயாத் தோட்டப் பள்ளிகளுக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியரான இடங்கள் பல. ஒரே அறையில் பல வகுப்புகள் அமர்ந்தன. வறுமை கட்டாயப்படுத்தியதால் அங்கே மீண்டும் பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. எவரும் அதற்குக் கோட்பாட்டுப் பெயர் சூட்டவில்லை.

1967ஆம் ஆண்டில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. மைக்கேல் ஸ்கிரிவன், பாடத்திட்டங்களை மதிப்பிடுவது குறித்து எழுதுகையில், உருவாகும்போதே திருத்துவதற்கான மதிப்பீட்டையும் முடிந்தபின் தீர்ப்பளிக்கும் மதிப்பீட்டையும் பெயரிட்டுப் பிரித்தார். பெஞ்சமின் புளூம் விரைவிலேயே அப்பிரிவினையை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தார். கல்வியியலார் அனைவரும் அறிந்தது இது. அதே ஆண்டில் பிட் கார்டர் என்ற மொழியியலார், மொழி கற்போர் செய்யும் பிழைகளின் பொருள் குறித்து எழுதிய கட்டுரையோ எம் துறைக்கு வெளியே அத்துணை பேசப்படவில்லை. எமக்கு இரண்டாவதே முதன்மையானது. கைதவறிச் செய்யும் பிழை வேறு. கற்போர் தமக்குள் அமைத்துக்கொண்ட விதியிலிருந்து பிறக்கும் பிழை வேறு என்றார் கார்டர். பின்னது அழித்துவிட வேண்டிய அழுக்கன்று. கற்போரின் மொழி எந்த நிலையில் உள்ளது என்பதற்கான சான்று.

தமிழ் வகுப்பில் இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். 'பாலம்' என்ற சொல்லோடு 'இல்' உருபைச் சேர்க்கச் சொன்னால், ஒரு மாணவர் 'பாலமில்' என்று எழுதுகிறார்; மற்றொருவர் 'பாலத்துல' என்று எழுதுகிறார். விடைத்தாளில் இருவருக்கும் சுழி. ஆனால் முதலாமவர் பெயரோடு உருபு சேரும் என்ற விதியை அறிந்தவர். 'அத்து' என்னும் சாரியையை இன்னும் அறியாதவர். வீட்டில் தமிழ் கேளாதவராக இருக்கக்கூடும். இரண்டாமவர் சாரியையைத் தாய்ப்பாலோடு பெற்றவர். அவர் அறியாதது பேச்சுவடிவத்திற்கும் எழுத்துவடிவத்திற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. முதலாமவர்க்கு 'மரத்தில், குளத்தில், பணத்தில்' என்று வரிசையாகக் கேட்கவும் சொல்லவும் பயிற்சி வேண்டும். இரண்டாமவர்க்கு அப்பயிற்சி வீண், சலிப்பையே தரும். அவர்க்கு வேண்டியது, தாம் பேசுவது பிழையன்று, எழுதும்போது அதன் உடை மாறுகிறது என்ற தெளிவு. அவ்வாறே 'எழுதினான், பேசினான், ஓடினான்' என்று பழகிய குழந்தை 'கேளினான்' என்று எழுதினால், அது இறந்தகால இடைநிலையையும் ஆண்பால் விகுதியையும் சரியாகவே அறிந்திருக்கிறது; வினைச்சொற்கள் எல்லாம் ஒரே வகைப்பட்டவை அல்ல என்பதைத்தான் இனி அறியவேண்டும். சிவப்பு மையால் அடிப்பவர் கண்ணுக்கு இவை யாவும் ஒன்றே.

இத்தகைய கூர்நோக்கிற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர் முன்னேறினர்; மதிப்பெண் பெற்றவரோ, மதிப்பெண்ணோடு கருத்துரையும் பெற்றவரோ அவ்வாறு முன்னேறவில்லை. எண் கண்ணில் பட்டதும் எழுத்தை எவரும் படிப்பதில்லை போலும். 1998இல் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் ஏறத்தாழ 250 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, வகுப்பறையின் அன்றாட மதிப்பீடு கற்றலை உயர்த்துகிறது என்று காட்டியபின் உலகெங்கும் அரசுகள் செவிசாய்த்தன. அதற்கு முன்பே, 1970களில், மேரி பட் ரோ ஆசிரியர்களின் வினாக்களை நேரம் கணித்திருந்தார். வினவியபின் அவர்கள் காத்திருந்தது சராசரி ஒரு நொடி. அதனை மூன்று நொடியாக்கியபோது விடைகள் நீண்டன. வழக்கமாக வாய்திறவாதவரும் பேசினர். இரண்டாம் மொழியில் சொல்லைத் தேடியெடுக்க வேண்டிய குழந்தைக்கு அவ்விரு நொடிகள் எத்துணைப் பெரியவை என்பதைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்று நம் வட்டாரத்தில் காற்று மாறியிருக்கிறது. மலேசியாவில் 2011இல் பள்ளிசார் மதிப்பீடு தொடங்கியது. 2019இல் முதல் மூன்று ஆண்டு மாணவர்க்குத் தேர்வுகள் நீக்கப்பட்டன. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வே விடைபெற்றது. சிங்கப்பூரில் 2019இல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வுகள் நீங்கின. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகள் எல்லா நிலைகளிலும் நீங்கின. பெற்றோர் பலர் கலங்கினர். எண் இல்லாவிட்டால் பிள்ளையின் நிலையை எவ்வாறு அறிவது என்ற அவர்களது வினா நேர்மையான அறியாவினா, ஏளனத்திற்குரியதன்று. அதற்கு விடை தரும் பொறுப்பு இப்போது முழுவதுமாக வகுப்பாசிரியர்மீது விழுந்துள்ளது.

தேர்வு போன இடத்தில் வினா வந்து அமரும் என்பதற்கு உறுதியில்லை. படிவமும் வந்து அமரலாம். தமிழ்நாட்டின் முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறிக்கு 60 என்று பங்கிடப்பட்டது. மதிப்பெண் இட்ட அக்கணமே வளரறி தன் இயல்பை இழந்து சிறு தொகுத்தறியாகிவிடுகிறது என்பதே எமது கருத்து. மலேசியாவில் தொடக்க ஆண்டுகளில் சான்றுகளைக் கோப்பில் சேர்ப்பதிலும் கணினியில் பதிவேற்றுவதிலும் ஆசிரியர்களின் மாலைகள் கழிந்தன. முறையீடுகளுக்குப் பின் 2014இல் அப்பதிவுமுறை எளிதாக்கப்பட்டது.

தமிழைப் பொறுத்தவரை இதில் இழக்கக்கூடியது பெரிது. கணக்கில் ஐயமுற்ற பிள்ளைக்கு வீட்டில் உதவுவார் பலர் உளர். வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் விழுக்காடு குறைந்துவருவதைச் சிங்கப்பூரின் 2010, 2020 குடிமதிப்புகள் காட்டுகின்றன. பல பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடவேளையே தமிழைக் கேட்கும் பொழுது. அவர்கள் பேசும் தமிழைக் கேட்பவரும் அவ்வாசிரியர் ஒருவரே. அவர் கேளாமல் விட்டதை வேறெவரும் கேட்கப்போவதில்லை.

மலேசியப் பள்ளிகளின் அடைவுநிலைப் பதிவில் ஆறு நிலைகள் உள்ளன. 'பாலமில்' எழுதியவரும் 'பாலத்துல' எழுதியவரும் அதில் ஒரே நிலையில் நிற்கக்கூடும். அச்சொற்களைக் குறிக்க அங்கே இடமில்லை. பயிற்சிப் பட்டறைகளில் நாம் சந்தித்த ஆசிரியர் சிலர் அதற்கென ஒரு பழைய குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். இடப்பக்கத்தில் மாணவர் எழுதிய வடிவம் அப்படியே இருக்கும். எதிரே, 'ஏன் இவ்வாறு எழுதினாய்?' என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம். அதன்கீழ், இரு வாரம் கழித்து அதே மாணவர் எழுதியது. மதிப்பெண்ணுக்குக் கட்டம் வரையப்படவில்லை. அக்குறிப்பேட்டை மேலதிகாரிகள் எவரும் கேட்பதில்லை என்றும், அதனால்தான் அதில் உண்மையை எழுத முடிகிறது என்றும் அவர்களுள் ஒருவர் கூறினார்.