திருடன் எனப்பட்ட மாணவன்: காஞ்சி, யுவான் சுவாங், நமது பெருமிதங்கள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது ஓரிக்கை. என் ஊர். பெயருக்குக் காரணம் கேட்டால் ஊரில் யாரும் சொல்வார்கள்: ஓர் இரவு இருக்கை. பல்லவ ராஜா தன்னைப் பாடச் சொன்னான், கணிகண்ணன் மறுத்தான், நாடு கடத்தப்பட்டான். குரு திருமழிசையாழ்வாரும் கூடவே கிளம்பினார். அவர் சொல் கேட்டு வெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் எழுந்து போனார். மூவரும் அந்த ராத்திரி தங்கிய இடம் இது. என் ஆயா இதைச் சொல்லும்போது, "பெருமாளே பாயச் சுருட்டிக்கினு வந்துட்டாரு, நாம எம்மாத்திரம்?" என்று முடிப்பாள். ராஜா மன்னிப்புக் கேட்டு எல்லோரும் திரும்பிப் போன பகுதியில் அவளுக்கு அவ்வளவு சுவாரஸ்யம் கிடையாது.

வெளியேற்றப்பட்டவர்கள் தங்கியதால் பெயர்பெற்ற ஊருக்கு இப்போது இன்னொரு பயணியும் தேவைப்படுகிறார். சில மாதங்களுக்கு முன் ஊர் இளைஞர்கள் சிலர் வந்தார்கள். "சார், யுவான் சுவாங் நம்ம ஊர்லதான் தங்கியிருக்காரு. காஞ்சிக்குத் தெற்கே பெரிய மடம்னு அவரே எழுதியிருக்காராமே. ஒரு கல்வெட்டு வைக்கலாம்னு இருக்கோம், நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார்கள். அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்ததில் வந்தது இந்தக் கட்டுரை.

யுவான் சுவாங்கின் குறிப்பு இவ்வளவுதான். திராவிட நாட்டின் தலைநகர் காஞ்சி. மக்கள் துணிவும் நம்பகமும் உள்ளவர்கள், கல்வியை மதிப்பவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கள், பத்தாயிரம் பிக்குகள், எண்பது தேவர் கோயில்கள், ஏராளமான நிர்க்கந்தர்கள். நகரத்துக்குத் தெற்கே, அதிகத் தொலைவில்லாமல், நாட்டின் பேரறிஞர்கள் கூடும் பெரிய மடம் ஒன்று. அங்கே அசோகன் கட்டியதாகச் சொல்லப்படும் நூறடி உயர ஸ்தூபி. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்தூபி இருந்த இடத்தை இன்றுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. தெற்கு என்ற ஒரு திசைச்சொல்லை வைத்துக்கொண்டு ஓரிக்கை மட்டுமல்ல, பாலாறு வரை உள்ள எந்தக் கிராமமும் உரிமை கோரலாம்.

அந்தக் குறிப்பு நம் கைக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 646இல் சீனத்தில் எழுதி முடிக்கப்பட்ட நூல், 1850களில் ஸ்தானிஸ்லாஸ் ஜூலியன் வழியாகப் பிரெஞ்சுக்கும், 1884இல் சாமுவேல் பீல் வழியாக ஆங்கிலத்துக்கும் போய், பிறகு நமது பாடப்புத்தகங்களுக்கு வந்தது. காலனிய அகழ்வாய்வாளர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வடக்கே பௌத்தத் தலங்களைத் தேடினார்கள். ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகம் இப்படித்தான் 'ஆவணம்' ஆயிற்று. ஆவணமான பிறகு மாணவன் காணாமல் போனான். வேல்முனை மாதிரி நேரான ஒரு 'சீன யாத்ரீகர்' மிஞ்சினார். ஐந்து மதிப்பெண் கேள்விக்குரிய உருவம்.

அந்த உருவத்தைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம். 629இல் சாங்கான் நகரை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு வயது இருபத்தேழு அளவில். மேற்கே போவதற்கு டாங் அரசு தடை விதித்திருந்தது. அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. ஆகவே சட்டப்படி அவர் குற்றவாளி. பகலில் ஒளிந்து இரவில் நடந்தார். எல்லையைக் கடத்திவிட வந்த வழிகாட்டியே நடுராத்திரியில் கத்தியை உருவிக்கொண்டு நெருங்கி, பிறகு மனம் மாறித் திரும்பிப் போனான். பாலைவனக் காவல்கோபுரத்தின் அருகே இருட்டில் தண்ணீர் எடுக்கக் குனிந்தபோது அம்புகள் பறந்து வந்தன. தண்ணீர் திருட வந்தவன் என்றோ ஒற்றன் என்றோ நினைத்திருப்பார்கள். அப்புறம் தனியே போகையில் கைதவறித் தோல்பையிலிருந்த தண்ணீர் முழுக்க மணலில் கொட்டிவிட்டது. பத்து லி தூரம் திரும்பி நடந்தார். இந்தியாவை அடையாமல் கிழக்கே ஓரடியும் வைப்பதில்லை என்ற சபதம் நினைவுக்கு வர, மறுபடி மேற்கே திரும்பினார். நான்கு இரவு ஐந்து பகல் நாவில் ஒரு துளி நீர் இல்லை என்கிறது அவரது மாணவர் ஹூய் லி எழுதிய வாழ்க்கை வரலாறு. துர்பான் அரசன் நல்ல மனிதன்தான். ஆனால் அவரை அங்கேயே குருவாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். உண்ணாவிரதம் இருந்துதான் அந்த அன்பிலிருந்து தப்பிக்க முடிந்தது. கங்கையில் கொள்ளைக்காரர்கள் பிடித்துத் துர்க்கைக்குப் பலியிடப் பார்த்த கதையும் உண்டு. சீடன் குருவைப் பற்றி எழுதியது என்பதால் சற்று ஊதிப் பெருக்கியும் இருக்கலாம்.

எனக்கு இருபத்துமூன்று வயதில் வெளிநாட்டில் ஒரு குறுகிய படிப்புக்கு இடம் கிடைத்தது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் வீட்டு ஓலைக்கூரையைப் பார்த்துவிட்டு, "படிக்கவா? நீயா? எதுக்குப்பா, உண்மையச் சொல்லு" என்றார். அந்தப் படிப்புக்கு நான் போகவே இல்லை. காவல்கோபுரத்து அம்புகளை வாசிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இதை 'அகவயப்பட்ட வாசிப்பு' என்று நண்பர்கள் கிண்டல் செய்யலாம். செய்யட்டும்.

நாளந்தாவில் வாயிற்காப்போனே கேள்வி கேட்பான். வருகிறவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் பதில் சொல்ல முடியாமல் திரும்பிவிடுவார்கள் என்று யுவான் சுவாங் எழுதுகிறார். உள்ளே நுழைந்தவர் சீலபத்திரரிடம் யோகாசார நூல்களைப் பயின்றார். சீலபத்திரர் வங்கப் பகுதியான சமதடத்தைச் சேர்ந்தவர். அவருக்கு ஆசிரியர் தருமபாலர். தருமபாலரின் ஊர் காஞ்சிபுரம். ஆக, 640 அளவில் யுவான் சுவாங் தெற்கே நடந்து வந்தபோது, வந்தது தன் குருவின் குரு பிறந்த ஊருக்கு. இந்தச் சங்கிலியை நமது பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

தருமபாலரைப் பற்றி யுவான் சுவாங் பதிவு செய்யும் கதை இது. அவர் காஞ்சி மந்திரி ஒருவரின் மூத்த மகன். அரசன் தன் மகளைக் கொடுப்பதாகச் சொல்கிறான். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி பையன் புத்தர் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறான். ஒரு தெய்வம் அவனைத் தூக்கிப் பல நூறு லி தள்ளி ஒரு மலைமடத்தில் விட்டுவிடுகிறது. அங்கே வந்த பிக்குகள் பார்க்கிறார்கள். பார்த்தவுடன் அவர்கள் முடிவு: திருடன். பின்னால் நாளந்தாவுக்கே தலைவரானவரின் மாணவப் பருவம் இப்படித் தொடங்குகிறது.

தெய்வம் தூக்கிப்போனது என்பதை வீட்டைவிட்டு ஓடியது என்று வாசிப்பதில் தவறில்லை. ஆனால் கதையில் இன்னொருத்தியும் இருக்கிறாள். அந்த ராஜகுமாரி. அவளுக்குப் பெயர் கிடையாது. மறுநாள் காலை அவளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கும் வரி கிடையாது. ஓடிப்போகிற வசதி ஆணுக்கு இருந்தது, அவனைச் சுமந்துபோக ஒரு தெய்வமும் இருந்தது.

இந்தத் 'திருடன்' என்ற சொல்லைக் கொஞ்சம் தொடர்ந்து போக வேண்டும். யுவான் சுவாங் வருவதற்குச் சற்று முன்பு, காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அங்கத நாடகத்தை எழுதினான். காஞ்சித் தெருவில் குடிபோதையிலிருக்கும் காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைக் காணாமல் தேடுகிறான். பழி வந்து விழுவது நாகசேனன் என்ற பௌத்த பிக்குவின் மேல். உண்மையில் தூக்கிப் போனது ஒரு நாய். நாடகம் காபாலிகனையும்தான் கேலி செய்கிறது, ஆனாலும் அரசனின் எழுத்தில் துவராடைக்காரன் தெருவில் திருட்டுப் பட்டம் சுமந்து நிற்கிறான். அதே தெருக்களைத்தான் சீன மாணவர் பத்தாயிரம் பிக்குகளின் நகரம் என்று எழுதுகிறார். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சமயப்பொறை பற்றிய நமது மேடைப்பேச்சுகள் கொஞ்சம் தடுமாறும்.

காஞ்சியில் அவருக்கு நேர்ந்தது ஓர் ஏமாற்றம். இங்கிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போவதுதான் திட்டம். ஹூய் லி காஞ்சியை ஒரு துறைமுகம் என்றே எழுதிவிடுகிறார். மூன்று நாள் கடல் பயணத்தில் சிங்களம் என்கிறார். (மாமல்லபுரம் காஞ்சியின் வாசல் மாதிரி இருந்ததால் வந்த குழப்பமாக இருக்கலாம். பாலாற்றில் தண்ணீர் ஓடியே பார்த்திராத எங்களுக்கு இந்த வரி தனிச் சிரிப்பு.) அதே சமயம் இலங்கையிலிருந்து முந்நூறு பிக்குகள் இங்கே வந்து இறங்குகிறார்கள். அங்கே அரசன் இறந்துவிட்டான், பஞ்சம், உள்நாட்டுக் குழப்பம். அகதிகள் என்ற சொல் அந்தப் பிரதியில் இல்லை. எண்பதுகளில் இதே கடலைத் தாண்டி வந்தவர்களைப் பார்த்த நமக்கு வேறு சொல் தோன்றாது. யுவான் சுவாங் அவர்களில் மூத்தவர்களிடம் யோக நூல்களைப் பற்றிக் கேள்விகள் கேட்கிறார். பதில்கள் சீலபத்திரரைத் தாண்டவில்லை என்று முடிவுசெய்து, இலங்கைப் பயணத்தைக் கைவிடுகிறார். பசியில் வந்தவர்களிடம் பரீட்சை வைத்த மாணவர்! அறிவுத்தாகத்தின் இந்தப் பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பிறகு அந்த பிக்குகளில் எழுபது பேரளவில் அவருடனேயே வடமேற்காகப் புறப்பட்டார்கள்.

அவர் சொல்லாமல் விட்டவை வேறு. சாளுக்கியப் புலிகேசியைப் பெயர் சொல்லிப் புகழ்கிறவர், காஞ்சியில் அப்போது ஆண்ட நரசிம்மவர்மனின் பெயரைச் சொல்லவில்லை. 642இல் அந்த நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றினான். ஒரு யுத்தத்துக்கும் இன்னொரு யுத்தத்துக்கும் நடுவில் நடந்துபோனவர் அதைக் கவனிக்கவில்லை. இங்கத்திய மொழியும் எழுத்தும் மத்திய இந்தியாவிலிருந்து சற்றே வேறுபட்டவை என்கிறார். தமிழ் காதில் விழுந்திருந்தால் 'சற்றே' என்று எழுதியிருப்பாரா? வடமொழி பேசும் மடங்களுக்குள்ளேயே அவர் காஞ்சி முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பாலாற்றங்கரையில் ஏர் ஓட்டியவனிடமோ தறியில் உட்கார்ந்தவனிடமோ அவர் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. நாம் 'நம்மைப் பற்றிய சான்று' என்று கொண்டாடும் பிரதியில் நாம் இல்லை.

தமிழில் அப்படிப்பட்ட மாணவர் ஒருவர் இருக்கிறார், பெண். மணிமேகலை. காப்பியப் பாத்திரம்தான். மணிபல்லவத்துக்கும் சாவகத்துக்கும் போகிறாள். வஞ்சியில் பல சமயவாதிகளிடம் அவரவர் தத்துவத்தைக் கேட்க ஆண் துறவியாக உருமாறிக்கொள்கிறாள். பெண்ணாக நின்றால் பதில் வராது என்று சாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் பஞ்சத்தில் கிடக்கும் காஞ்சிக்கு வருகிறாள். முதலில் சோறு போடுகிறாள், பிறகுதான் பாடம். அறவண அடிகள் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது அளவை நூல். அந்தக் காதை, 'நியாயப்பிரவேசம்' என்ற வடமொழித் தருக்கப் பாலபாடத்தோடு மிக நெருங்கிச் செல்வதை அறிஞர்கள் எடுத்துக்காட்டி, எது எதற்கு முந்தியது என்று சண்டையும் போட்டிருக்கிறார்கள். அதே 'நியாயப்பிரவேச'த்தை யுவான் சுவாங் 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். கணிகை குலத்தில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணும், அனுமதியின்றி எல்லை தாண்டிய ஒரு சீன ஆணும் ஏறக்குறைய ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள், ஒருத்தி கற்பனையில்.

645இல் 657 நூல்களை இருபது குதிரைகளில் ஏற்றிக்கொண்டு அவர் சாங்கான் திரும்பினார். தடையை மீறிப் போனவரை அரசு இப்போது வரவேற்றது. 659இல் அவர் தொகுத்து மொழிபெயர்த்த 'சேங் வெய்ஷி லுன்' தருமபாலரின் விளக்கங்களையே முதன்மையாகக் கொண்டது. 653இல் ஜப்பானிலிருந்து வந்த தோஷோ என்ற இளந்துறவி அவரிடம் படித்துவிட்டு அந்தக் கல்வியை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். நாரா நகரத்தின் கோஃபுகுஜி, யாகுஷிஜி கோயில்கள் இன்றும் அந்த மரபின் தலைமை இடங்கள். தருமபாலரின் நூல்கள் சீனத்தில்தான் எஞ்சின. பிறந்த ஊரில் ஓர் ஏடும் இல்லை, ஒரு தெருப்பெயரும் இல்லை. இப்படிப் போய் வந்தவர்களிலும் பெயர் தெரிந்தவர்கள் சிலரே. அடுத்த தலைமுறையில் கடல்வழியே வந்த இட்சிங், இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவிகளின் வரலாறுகளைத் தொகுத்தார். பலர் வழியிலேயே செத்தவர்கள்.

ஆனால் நமக்கு வேண்டியது மாணவர்கள் அல்ல, குருக்கள். போதிதருமர்தான் நமது நாயகர். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, 547ஐ ஒட்டி எழுதப்பட்டது, அவரைப் பாரசீகர் என்கிறது. அதே நூற்றாண்டின் இன்னொன்று தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி பின்னால் வந்து சேர்ந்தது. 2011இல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு அதையும் சந்தேகிக்க இடமில்லாமல் போயிற்று. காஞ்சியிலிருந்து உலகத்துக்குக் கற்றுக்கொடுக்கப் போனான் தமிழன் என்ற பெருங்கதையாடலில், கற்றுக்கொள்ளப் போன தமிழனுக்கு இடமில்லை. இதே சாலையில் உத்திரமேரூர் போனால் இன்னொரு பெருமிதம் காத்திருக்கிறது: 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள். குடத்தில் பெயர் விழ, வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிறர் பொருளைக் கவர்ந்தவன் கூடாது. நிலமும் வீடும் விட்டு ஓடி, மடத்து வாசலில் திருடன் பட்டம் வாங்கிய பையனின் பெயர் அந்தக் குடத்தில் ஒருபோதும் விழுந்திருக்காது.

மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் 'பௌத்தமும் தமிழும்' எழுதியபோது இந்த மறதியைப் பற்றித்தான் கவலைப்பட்டார். அதற்கும் இருபத்தைந்து வருஷம் முன்பே, 1915இல், து. அ. கோபிநாத ராவ் காஞ்சிக் கோயில்களில் கிடந்த புத்தர் சிலைகளைப் பற்றி எழுதினார். சிலைகள் கிடைத்தன, மடங்கள் கிடைக்கவில்லை.

இளைஞர்கள் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார்கள். மேலே உள்ளதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். "அப்ப அவரு இங்க தங்கலயா சார்?" என்றான் ஒருவன். தெரியாது என்றேன். நூறு மடம் இருந்த ஊரில் எங்கே தங்கினார் என்று யார் கண்டது? "தருமபாலரப் பத்தி வேணா எழுதித் தரேன், கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிப்போனவருன்னு" என்றேன். அவர்களில் ஒரு பையன் சிரித்தான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியக் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கிறவன். சியோலில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறானாம், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். கல்வெட்டுக்கு வசூலித்த பணத்தை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.